கவலைப்பட்டால்தான் பொறுப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி போடவும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் வீடு வீடாகப் போகும்போது, ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டுகிறவர்கள் மனதில் இருப்பதையும் கூடவே சொல்லிவிடுவார்கள். விசைத்தறிக்காரர், தென்னந்தோப்புக்காரர், பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் முதியவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறவில்லை. ஓய்வுக்குப் பிறகும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். யாருடைய பெயரும் ஊரும் இதில் இல்லை.

கவலையே படாமல் இருந்தால் பொறுப்பில்லாதவள் என்று ஆகிவிடாதா, அக்கா?

இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். மற்றவை எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. நம் பக்கத்தில் உழைப்புக்குத் தனி மரியாதை உண்டு. மேட்டாங்காட்டில் சோளமும் கம்பும் விளைவித்து, கிணற்றை ஆழப்படுத்தி, தறி போட்டு, கம்பெனி வைத்து மேலே வந்த குடும்பங்கள் நம்முடையவை. சும்மா உட்கார்ந்திருப்பவரை நமக்குப் பிடிக்காது. அதனால் உடம்பு ஓய்ந்திருக்கும் நேரத்தில் மனமாவது எதையாவது பிடித்துக்கொண்டு உழன்றால்தான் குடும்பத்துக்காக நாம் ஏதோ செய்கிறோம் என்று தோன்றுகிறது.

நான் பார்த்தவரையில், அதிகமாகக் கவலைப்படுகிறவர்கள் அதிகமாகக் கவனிக்கிறவர்களாக இருப்பதில்லை. மகளின் கல்யாணத்தை நினைத்துத் தூக்கம் போன ஓர் அம்மா, தன் சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒரு மாதமானதைக் கவனிக்கவில்லை. மகள் வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு என்ன சிரமம் என்று கேட்டேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. மாத்திரை வாங்கி வருவதும், மகளிடம் விசாரிப்பதும், அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதும்தான் அக்கறை. அதற்கு நேரம் வேண்டும், தெம்பு வேண்டும். கவலை அந்த இரண்டையும் தின்றுவிட்டு, நாள் முழுவதும் பாடுபட்ட களைப்பை மட்டும் கொடுக்கிறது. பொறுப்பை அளக்க வேண்டுமானால் இன்றைக்கு என்ன செய்தோம் என்று பாருங்கள். எவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது கணக்கில் வராது.

எது தேவையான கவலை, எது தேவையில்லாதது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கேள்வி போதும். இதற்காக நாளை மாலைக்குள் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு என்றால் அதைச் செய்யுங்கள். செய்து முடித்த பிறகு அந்தக் கவலைக்கு உங்களிடம் வேலை இல்லை. இல்லை என்றால், இப்போதைக்கு அதை நினைப்பதால் யாருக்கும் பயன் கிடையாது.

கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். பவானிசாகர் அணையின் 105 அடியில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் ஆடி மாதம் முழுக்கப் பேச்சு. அந்த வாய்க்காலை நம்பி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. நல்ல ஆண்டுகளில் ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள். நீலகிரியில் பெய்யும் மழையும் வர வேண்டிய அரசாணையும் நம் கையில் இல்லை. நம் வயலுக்கு வரும் வாய்க்காலில் மண்டிய செடிகளை வெட்டுவது, வரப்பைச் சரிசெய்வது, தண்ணீர் தாமதமானால் எந்தக் குறுகிய கால ரகம் போடலாம் என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வைப்பது ஆகியவை நம் கையில் இருக்கின்றன. டீக்கடையில் பத்துப் பேரிடம் விசாரித்தாலும் அணையில் ஓர் அங்குலம் ஏறப்போவதில்லை.

தென்னைக்காரர்களுக்கும் இதே அளவுகோல்தான். பொள்ளாச்சிப் பக்கம் 2016-ல் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயைப் பற்றி இன்னும் என்னிடம் புலம்புகிறார்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். அந்த ஈயை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் சாகாமல் இருக்கக் கடுமையான பூச்சிமருந்தைத் தவிர்க்கலாம். "பக்கத்துத் தோப்புக்காரர் எதுவும் செய்யவில்லையே" என்பார்கள். அவரிடம் ஒருமுறை நேரில் பேசலாம். பேசிய பிறகு அவருடைய தோப்பு அவருடையது.

"நினைக்காதே, நினைக்காதே" என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஏன் கேட்க மாட்டேன் என்கிறது?

மனதின் இயல்பு அப்படி. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டால் மணி அடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அடக்கி வைத்த நினைப்பு கூடுதல் பலத்தோடு திரும்பும்.

ஆகவே தடை போடாதீர்கள், நேரம் ஒதுக்குங்கள். கவலையைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-ல் சொன்ன வழி இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "உனக்கு ஆறு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறேன்" என்று தள்ளிவைக்க வேண்டும். நான் இங்கே சொல்வது மாலை டீ குடித்த பிறகு, வாசல் திண்ணையில், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. கட்டிலில் கூடாது, சாப்பாட்டுக்கு முன்னால் கூடாது. ஒரு கவலைக்கு ஒரு வரி எழுதி, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன நாளை மாலைக் கேள்வியால் சோதித்துப் பாருங்கள். காலையில் மலைபோல் வந்த சில விஷயங்களை எழுத உட்காரும்போது என்னவென்றே நினைவிருக்காது. முதல் சில நாட்கள் இது செயற்கையாகத்தான் தோன்றும். இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது எல்லாமே பயமாகத் தெரிகிறதே, நர்ஸம்மா?

முதலில் எதனால் விழிக்கிறீர்கள் என்று பாருங்கள். சிறுநீர் கழிக்க எழுந்து, அதற்குப் பிறகு தூக்கம் வராமல் கவலைப்படத் தொடங்குகிறவர்கள் நிறைய. அவர்கள் கவலையால் விழிக்கவில்லை, விழித்ததால் கவலைப்படுகிறார்கள். சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். வயதான ஆண்கள் புராஸ்டேட் சுரப்பியையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அடுத்து டீ. அதிலுள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். தறிக்குடோனில் இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் டீ பின்னிரவிலும் வேலை செய்யும்.

மூன்று மணிக்கு வங்கி திறந்திருக்காது, டாக்டர் இருக்க மாட்டார், சம்பந்தியிடம் பேச முடியாது. செய்யக்கூடியது எதுவும் இல்லாத நேரம் என்பதால்தான் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. கடிகாரத்தையும் போனையும் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். பயத்தை ஒரே வரியில் எழுதி மாலை ஆறு மணிக்குத் தள்ளிவிட்டு, கண் சொருகும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள்.

நாம் பயப்படுவதெல்லாம் கடைசியில் நடக்கத்தானே செய்கிறது?

பெரும்பாலும் இல்லை. நடந்தது மட்டும் நினைவில் நிற்கிறது, நடக்காமல் போனவை மறந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தீராக் கவலை நோய் உள்ள 29 பேர் தங்கள் கவலைகளை அவ்வப்போது எழுதிவைத்தார்கள். பிறகு எது நடந்தது என்று சரிபார்த்தார்கள். சுமார் 91 சதவீதம் நடக்கவே இல்லை. உங்கள் நோட்டிலும் ஒரு மாதம் கழித்துப் பழைய பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். என் வார்த்தையை நம்புவதைவிட உங்கள் கையெழுத்தை நம்புவது மேல்.

நடந்த விஷயங்களும் இருக்கின்றன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்காக வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு 2006-லேயே வந்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயம் ஊர் முழுக்க இருந்தது. சுத்திகரிப்புச் செலவைச் சிறு பட்டறைகளால் தாங்க முடியவில்லை என்பது உண்மை, அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பயமும் சேர்ந்து ஒரு லிட்டர் தண்ணீரையும் சுத்தம் செய்யவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகுதான் தொழில் நிமிர்ந்தது. கெட்டது வரும் என்று தெரிந்தால் ஆயத்தம் வேண்டும். ஆயத்தமும் கவலையும் ஒரே நேரத்தைத்தான் பங்கு கேட்கின்றன.

பையனுக்கு முப்பத்து மூன்று ஆகிவிட்டது, பெண் அமையவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் கேட்கிறார்கள். நாலு பேர் பேச்சுக்கு எப்படிப் பயப்படாமல் இருப்பது?

இதில் வருத்தம் வேறு, வெட்கம் வேறு. பையனுக்குத் துணை அமையவில்லையே என்ற வருத்தம் நியாயமானது. வெட்கப்பட எதுவும் இல்லை. பண்ணையம் பார்க்கும் பையன்களுக்குப் பெண் கிடைப்பது கொங்கு முழுக்கக் கடினமாகிவிட்டது. வெளியில் சொல்லத் தயங்கும் காரணத்தை ஒரு செவிலியராக நான் சொல்லியாக வேண்டும். பெண் குழந்தை வேண்டாம் என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தது. பெற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுவிடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் 1992-ல் தொடங்க வேண்டிய நிலைமை இருந்தது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திய குடும்பங்களும் பெருகின. ஊரே சேர்ந்து உண்டாக்கிய நிலைமைக்கு உங்கள் பையன் ஒருவன் தலைகுனிய வேண்டியதில்லை.

கேட்பவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் சந்தித்தால் பேச்சைத் தொடங்க அவர்களுக்குத் தெரிந்த கேள்வி அது. "பார்த்துக்கொண்டிருக்கிறோம், அமைந்ததும் முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்" என்று ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அடுத்த ஆளிடம் நகர்ந்து மஞ்சள் விலை பேசத் தொடங்கியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து நீங்கள் மட்டும்தான் அதை நான்கு நாள் சுமக்கிறீர்கள்.

உண்மையில் பார்க்க வேண்டிய ஆள் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறான். அவன் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டானா? குடிக்கத் தொடங்கியிருக்கிறானா? அவனுக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த வீடுகளில் ஜாதகம் இருபது இடத்துக்குப் போகிறது, பையனிடம் ஒரு வார்த்தை போவதில்லை. வரன் தேடும் எல்லையை அகலப்படுத்துங்கள். மணமுறிவு ஆன பெண், கணவரை இழந்த பெண் என்றால் உடனே தலையாட்டி மறுக்காதீர்கள். முகம் தெரியாத தரகருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

சிவன்மலை உத்தரவுப் பெட்டியில் புதிதாக ஒரு பொருள் வைத்திருக்கிறார்களாம். என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காங்கேயம் அருகே சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் ஒருவரின் கனவில் வந்ததாகச் சொல்லப்படும் பொருளைப் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த பொருள் வரும்வரை அது அங்கே இருக்கும். அந்தப் பொருள் சம்பந்தமாக உலகில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்த பிறகு சுனாமி வந்தது என்று இன்றும் சொல்வார்கள்.

நானும் அந்தப் படி ஏறிக் கும்பிடுகிறவள்தான். ஆனால் பெட்டியில் பொருள் வைக்கப்பட்ட செய்தி போனில் சுற்றும்போது, ஒவ்வொருவரும் ஒரு பயத்தை ஒட்டி அனுப்புகிறார்கள். கோயில் அதைச் சொல்லவில்லை. கும்பிடப் போவது மனபாரத்தை இறக்கி வைக்க. திரும்பும்போது புதிய பயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் போனதன் பலன் என்ன? நாளை மாலைக் கேள்வியை இங்கேயும் கேளுங்கள். செய்வதற்கு எதுவும் இல்லாவிட்டால், அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவது உங்களால் முடியும்.

கடன் கழுத்தை நெரிக்கும்போது கவலைப்படாதே என்றால் எப்படி?

அப்படி நான் சொல்ல மாட்டேன். கடன் உண்மையான பிரச்சினை. அதனால்தான் அதற்குக் கவலையைவிட நல்ல கவனம் தேவை. கடன் இருப்பவர்களிடம் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் பலருக்குச் சரியாகத் தெரியாது. கூட்டிப் பார்க்கப் பயம். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. அந்தத் தாளை மனைவியோ கணவரோ பார்க்க வேண்டும். மறைத்து வைத்த கடன்தான் உயிரை எடுக்கிறது.

பிறகு வட்டியைப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. ஆனால் வாசலில் வந்து நிற்பவருக்கு முதலில் கொடுத்துவிட்டுச் சங்கத் தவணையைத் தவறவிடுகிறவர்கள் பலர். எந்தக் கடனுக்குச் சத்தம் அதிகம் என்று பார்க்காமல், எது அதிகம் தின்கிறது, எதைத் தவறவிட்டால் நஷ்டம் அதிகம் என்று கணக்குப் போடுங்கள். வங்கித் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே போய் மேலாளரிடம் சொல்லுங்கள், தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ மனு கொடுங்கள். சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் இந்தப் பக்கத்தை இங்கேயே நிறுத்திவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள்.

பிளஸ் டூவில் மார்க் குறைந்துவிட்டால் பையன் வாழ்க்கையே போய்விடுமே?

போகாது. தோல்வியடைந்தாலும் சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று வழிகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது முதல் கேள்வி மார்க்காக இருக்க வேண்டாம்.

நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வீட்டில் தனியாக. செய்திகளைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. இதுவும் தேவையில்லாத கவலையா?

இல்லை. தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட சம்பவங்கள் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் நடந்திருக்கின்றன. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு இல்லாத அமைப்பு நம்முடையது. எனவே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். தனியாக வசிக்கும் முதியவர்கள் என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் விவரம் கொடுங்கள். வாசலிலும் கட்டுத்தரையிலும் விளக்கு, உறுதியான கதவு, கேமரா வையுங்கள். நகையையும் பெரிய தொகையையும் வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். 112 என்ற அவசர உதவி எண்ணை அவர்கள் போனில் ஒரே அழுத்தத்தில் கூப்பிடும்படி வைத்துக் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்தார் இருவருடைய எண்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் நெஞ்சு அடைத்தால், அது பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றியது இல்லை. அவர்களோடு இல்லையே என்ற ஏக்கம். கேமரா வைத்த சில பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பல தடவை திரையில் வாசலைப் பார்க்கிறார்கள், அம்மாவிடம் வாரம் ஒருமுறைதான் பேசுகிறார்கள். அந்த அம்மா என்னிடம் சொல்வது, "கேமரா வைத்திருக்கிறான் கண்ணு, கூப்பிட மாட்டேன் என்கிறான்" என்பதுதான். தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். பயத்தைப் பற்றி வேண்டாம், மாடு கன்று போட்டதையும் கிணற்றில் தண்ணீர் இருப்பதையும் கேளுங்கள். அந்த நேரத்துக்குப் போனை எடுக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும் என்ற பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் எதற்கும் கவலைப்படுவதில்லை. நானும் விட்டுவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை உங்களுக்கு அப்படியே சொல்ல முடியாது. கேஸ் பதிவு செய்வது, ஃபீஸ் கட்டும் தேதி, மாமியாரின் மாத்திரை, நாத்தனார் வீட்டுச் சீர் என்று இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் தலையில் வைத்திருக்கிறீர்கள். அவருக்குக் கவலை இல்லாமல் இருப்பது நீங்கள் சுமப்பதால்தான். உங்களுக்கு வேண்டியது மன அமைதிக்கான உபதேசம் இல்லை, வேலைப் பங்கீடு.

முழுப் பொறுப்பாக இரண்டு மூன்றை அவரிடம் ஒப்படையுங்கள். நினைவூட்டுவதும் அவர் வேலையாக இருக்கட்டும். ஒருமுறை தவறும். ஃபீஸுக்கு அபராதம் கட்ட நேரும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் புகுந்து செய்துவிடாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட மருந்து மாத்திரையை மட்டும் இந்தப் பரிசோதனையில் சேர்க்க வேண்டாம்.

முக்கியமானதைப் பார் என்கிறீர்கள். எனக்கு எல்லாமே முக்கியமாகத்தான் தெரிகிறது.

இந்த வாரம் நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாராலும் செய்ய முடியாதது எது என்று பாருங்கள். தூரத்து உறவின் விசேஷத்துக்கு மொய்யைக் கொடுத்து அனுப்பலாம். பேத்தியின் கதையை உங்களுக்குப் பதில் இன்னொருவர் போய்க் கேட்க முடியாது. உங்கள் மாத்திரையை உங்கள் வாய்தான் விழுங்க வேண்டும். என் கணக்கில் உடம்பும், கூட உட்கார்ந்து சாப்பிடும் மனிதர்களும், கொடுத்த வாக்கும் முன்னால் வரும். வீட்டு முகப்புக்கு எந்த டைல்ஸ் என்பது வெகு பின்னால். உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். வரிசை என்று ஒன்று இருக்க வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? பைத்தியம் என்று சொல்லிவிட மாட்டார்களா?

ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் கவலை விடாமல் பிடித்து, தூக்கம் கெட்டு, தசைகள் இறுகி, எரிச்சலும் சோர்வும் இருந்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். எதிலும் பிடிப்பு இல்லாமல் விடியற்காலையில் தினமும் விழிப்பு வந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் படபடப்பு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் கவலைதான் என்று நினைத்து உட்கார்ந்துவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண். இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், யாருக்கும் தெரியாது. மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களே தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும், கவலைக்காகக் குடிப்பதும்தான் ஆபத்து. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதை நாம் ஒளிப்பதில்லை, இதையும் ஒளிக்க வேண்டாம்.

என் மாமியார் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

"கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளைக் கரடி விஷயத்தை மேலே படித்தீர்கள். அவர் பயப்படுவது முட்டாள்தனம் என்று நிரூபிக்கவும் முயல வேண்டாம். முழுதாகச் சொல்லவிட்டுக் கேளுங்கள். பிறகு, "இதில் நாளைக்கு நாம் என்ன செய்யலாம் அத்தை?" என்று கேளுங்கள். செய்யக்கூடியது இருந்தால் கூடப் போய்ச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு நன்றாக வரும் வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஊறுகாய் போடுவதாக இருக்கலாம், கொள்ளுப்பருப்பு கடைவதாக இருக்கலாம். வீட்டில் தன்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை என்கிற நிலையில்தான் பல முதியவர்கள் கவலையைக் கையில் எடுக்கிறார்கள். கடைசியாக எப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார் என்று விசாரித்து, மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வெறும் வயிற்றில் காலையிலேயே போனால் அங்கேயே ரத்தம் எடுத்துவிடுவார்கள்.